பழைய அம்பாசடருக்குக் கைடு வாங்கும் முன்

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இன்று போய் நிற்க ஒரு ஷோரூம் கிடையாது. 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. அதன்பின் நமக்கு மிஞ்சியது இரண்டுதான்: வண்டியைத் தெரிந்த மெக்கானிக், வண்டியைப் பழுதுபார்க்கச் சொல்லித்தரும் புத்தகம், அதாவது கைடு. மெக்கானிக்குகளுக்கு வயதாகிறது. அவர்கள் பிள்ளைகள் புது வண்டி வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார்கள். ஆகவே வருஷத்துக்கு வருஷம் புத்தகத்தை நம்ப வேண்டியது கூடிக்கொண்டே போகிறது. எல்லாப் புத்தகமும் அந்த நம்பிக்கைக்கு லாயக்கானது இல்லை. வாங்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும், அதுவும் வண்டியின் பக்கத்திலேயே வைத்து.

நான் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பல வருஷம் பிழை திருத்தியவள். என் மாமனார் 1983-ல் வாங்கிய மார்க் 4 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின். திருவிடைமருதூர் பக்கம் வயலுக்கும், உறவுக்காரர் கல்யாணங்களுக்கும், வைத்தீஸ்வரன்கோவிலுக்கும் அதில்தான் போய்வருகிறோம். கைடு என்று பெயர் போட்டு வந்த பலவற்றை, தமிழிலும் ஆங்கிலத்திலும், புரூஃப் படிக்கிற கண்ணோடு படித்திருக்கிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆர்.சி. புக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் எந்தப் புத்தகத்தையும் மதிப்பிட முடியாது. அம்பாசடர் என்பது ஒரே வண்டி போலத் தெரியும். 1950-களின் கடைசியில் வந்ததற்கும் கடைசியில் வந்ததற்கும் உடம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே இருக்கும் எஞ்சின் அப்படி இல்லை. ஆரம்பத்தில் சைடு வால்வு எஞ்சின், அப்புறம் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு பெட்ரோல், பிறகு டீசல், 1990-களில் இசுஸூ 1817 சி.சி. பெட்ரோல். முன்பக்க கிரில்லைப் பார்த்து மார்க் 3, மார்க் 4 என்று முடிவு செய்ய வேண்டாம். நம் பக்கம் கிரில்லை மாற்றி மாட்டிய வண்டிகள் ஏராளம். எஞ்சினையே எடுத்துவிட்டு மட்டடார் டீசல் எஞ்சின் வைத்த வண்டிகளும் உண்டு. அப்படிப்பட்ட வண்டி உங்களுடையது என்றால் அம்பாசடர் கைடு பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் பாடிக்கும் மட்டும் உதவும். எஞ்சினுக்கு வேறு புத்தகம் தேட வேண்டும்.

இதை உறுதி செய்தபின் புத்தகத்தின் நடுவில் எங்காவது திறந்து, அந்தப் பக்கம் எந்த எஞ்சினைப் பற்றிப் பேசுகிறது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள். 'எல்லா மாடல்களுக்கும்' என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே டேப்பட் இடைவெளிக்கு (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) ஒரே ஒரு எண் கொடுத்திருந்தால் அந்தப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம். பி.எம்.சி. எஞ்சினில் நட்டும் போல்ட்டும் இன்ச் அளவு, இசுஸூவில் மில்லிமீட்டர். 9/16 இன்ச் நட்டு என்பது 14.29 மில்லிமீட்டர். 14-ம் நம்பர் ஸ்பேனர் அதில் ஏறாது, 15 வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். எந்த வேலைக்கு எந்த அளவு ஸ்பேனர் என்று தனித்தனியே சொல்லும் புத்தகத்தை எழுதியவர் நிஜமாகவே கையில் ஸ்பேனரைப் பிடித்தவர் என்று நம்பலாம்.

அடுத்தது எண்கள். என் தொழில் காரணமாக நான் அதிகம் நேரம் செலவழிப்பது இங்கேதான், நீங்களும் செலவழிக்க வேண்டும் என்று சொல்வேன். கதை நூலில் ஒரு எழுத்து மாறினால் வாசகர் தானே திருத்திப் படித்துக்கொள்வார். கைடில் ஒரு புள்ளி தள்ளிப்போனால் எஞ்சின் போகும்.

சோதிப்பது கஷ்டமில்லை. நல்ல புத்தகம் ஒரே அளவை இரண்டு முறையில் கொடுத்திருக்கும், இன்ச்சிலும் மில்லிமீட்டரிலும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று செல்போனில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர். என் எஞ்சினின் டேப்பட் இடைவெளி 0.015 இன்ச், மெக்கானிக் பாஷையில் 15 தௌ (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ). அது 0.38 மில்லிமீட்டர். நான் பார்த்த ஒரு தமிழ்க் கைடில் 0.15 இன்ச் என்று அச்சாகியிருந்தது. அது கிட்டத்தட்ட நான்கு மில்லிமீட்டர். அவ்வளவு இடைவெளியில் வால்வு முழுதாகத் திறக்காது. அடுத்த பக்கத்தில், பிளக்குக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளி 0.015 என்று சரியாக இருந்தது. ஒரு பக்கம் சரியாக இருப்பதால் அடுத்த பக்கமும் சரி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பாயின்ட்டுக்கு 14 முதல் 16 தௌ, பிளக்குக்கு 25 தௌ: இவை பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை. புத்தகத்தைச் சோதிக்க இவையே போதும்.

நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லும் முறுக்கு அளவுகளில் ஆபத்து இன்னும் அதிகம். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் நட்டுக்கு 40 பவுண்டு-அடி என்பது 5.5 கிலோகிராம்-மீட்டர். புது டார்க் ரெஞ்சுகளில் நியூட்டன்-மீட்டர் இருக்கும், அதில் 54. மொழிபெயர்த்தவர் பவுண்டு-அடி என்பதை விட்டுவிட்டு '40 கிலோ' என்று எழுதினால், அதை நம்பி முறுக்குகிறவர் கையில் ஸ்டட் ஒடிந்து வரும். ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லாத அட்டவணை உள்ள புத்தகத்தை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். காலன் என்று வரும் இடத்திலும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் காலன் 4.5 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.8 லிட்டர்.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் நிலையும் சொல்லியிருக்க வேண்டும். டேப்பட்டை எஞ்சின் சூடாக இருக்கும்போது பார்ப்பதா, ஆறியபின் பார்ப்பதா? எந்த வால்வை எப்போது பார்ப்பது? நல்ல கைடு 'ஒன்பது' கணக்கைச் சொல்லிக் கொடுக்கும். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை, ஆறுக்கு மூன்று. கூட்டினால் எப்போதும் 9 வரும். அதேபோல, சிலிண்டர்கள் எரியும் வரிசையான ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்று எல்லாப் புத்தகமும் போட்டிருக்கும். ஒன்றாம் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம் இருப்பது என்பதையும், டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதையும் படத்தோடு போட்டிருக்கிறதா? பிளக் ஒயர்களைக் கழற்றிய பிறகு ஒருவருக்கு வரும் கேள்வி அதுதான். அதற்குப் பதில் இல்லாத புத்தகம் பாதி வழியில் விட்டுவிடும்.

இங்கிலாந்துப் புத்தகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது பி.டி.எஃப். வடிவில் எளிதாகக் கிடைப்பவை அவைதான். அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற பிரிட்டிஷ் காரிலிருந்து வந்தது. அதன் ஒர்க்‌ஷாப் மேனுவல் நமக்கு நிறையவே உதவும். முன்பக்க டோர்ஷன் பார், ரேக் ஸ்டியரிங், முதல் கியரில் சிங்க்ரோ இல்லாத பழைய நான்கு கியர் பெட்டி, இதையெல்லாம் வரைபடத்தோடு அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் விளக்கவில்லை. அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மரியாதை வரும். ஒவ்வொரு வாஷரும் அதன் இடத்தில் இருக்கும்.

ஆனால் எலெக்ட்ரிக்கல் அத்தியாயத்தைத் தொடும்போது ஜாக்கிரதை. அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியோடு எர்த் செய்தார்கள். என் வண்டியில் நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர். புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று பேட்டரியைத் திருப்பி மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். அந்த அத்தியாயம் டைனமோ உள்ள பழைய வண்டிக்காரர்களுக்கு மட்டும். அவர்களும் தங்கள் வண்டியில் எர்த் எந்த முனையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தபின்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு சோதனை உண்டு. 'டீலரிடம் காட்டவும்' என்ற வரி எத்தனை இடத்தில் வருகிறது என்று புரட்டிப் பாருங்கள். எழுதிய காலத்தில் அது நியாயமான யோசனை. இன்று அந்த வரி வரும் இடமெல்லாம் புத்தகத்தில் வெற்றிடம்தான். பி.எம்.சி. மேனுவல்களில் 18ஜி என்று தொடங்கும் எண்களோடு ஸ்பெஷல் டூல்கள் வரும். தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ எந்த ஷெட்டில் அவை இருக்கின்றன? அந்த டூல் இல்லாமல் வேலையை எப்படி முடிப்பது என்று மாற்று வழி சொல்லும் புத்தகம்தான் நமக்கு வேண்டியது. 'கழற்றியதற்கு எதிர்வரிசையில் மாட்டவும்' என்ற வாக்கியத்தையும் தேடுங்கள். கதவுக் கைப்பிடிக்கு அது போதும். பிரேக்குக்கும் ஹெட்டுக்கும் போதாது. ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, வரிசை எண் போட்டு முறுக்க வேண்டும்; பிரேக்கை மாட்டியபின் ஏர் எடுக்க வேண்டும். அங்கே ஒரே வரியில் முடித்துவிட்டால் எழுதியவருக்கு அந்த வேலை தெரியாது என்று அர்த்தம்.

சரி, புத்தகம் இதையெல்லாம் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நம் ஊருக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் வண்டியை எப்படி ஸ்டார்ட் செய்வது, ஐஸ் கட்டாமல் ரேடியேட்டரை எப்படிக் காப்பது என்று பல பக்கங்கள் இருக்கும். நமக்கு வேண்டியது வேறு. நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கம் நிலத்தடித் தண்ணீர் உப்பு. போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்பு படிந்து குழாய் அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்ற வேண்டும். இங்கே ஐஸ் கட்டாவிட்டாலும் துருப்பிடிக்காமல் இருக்க அது வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் உள்ளூர் கைடுகள் உண்டு. வெயில் ஊர், எதற்கு என்ற எண்ணம். எஞ்சின் தன் சூட்டுக்கு வராமலே ஓடினால் தேய்மானம் கூடும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். அப்படிச் சொல்லும் புத்தகத்தின் மற்ற யோசனைகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஆயில் விஷயத்தில் குளிர் நாட்டுப் புத்தகம் மெல்லிய கிரேடைச் சொல்லும். நம் வெயிலுக்கு, தேய்ந்த பழைய எஞ்சினுக்கு, 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 பொருந்தும்.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே ரோட்டில் தண்ணீர் நிற்காத வருஷம் குறைவு. டிரம் பிரேக் நனைந்தால் பிடிக்காது. தண்ணீரைக் கடந்ததும் பிரேக்கை லேசாக அமுக்கியபடியே மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி ஷூவைக் காய வைக்க வேண்டும். புத்தகம் இதைச் சொல்கிறதா? சக்கரம் முழுக்கத் தண்ணீரில் நின்ற வண்டியின் பின் அச்சில் இருக்கும் கிரவுன் ஆயிலைத் திறந்து பார், பால் போல வெளுத்திருந்தால் மாற்று என்கிறதா? பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டெல்டாவின் ஈரக் காற்றில் அதை வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலக்கணக்கு வைத்து மாற்ற வேண்டும். கிலோமீட்டர் கணக்கை மட்டும் கொடுக்கும் புத்தகம் எப்போதாவது வெளியே எடுக்கும் நம் வண்டிகளுக்குப் போதாது. ஜாக்கி வைக்கும் பக்கத்தையும் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுத்திருப்பது போலப் படம் போட்டிருந்தால் அந்தப் புத்தகமே வேண்டாம். மழை விட்ட களிமண் தரையில் ஜாக்கி கண்ணெதிரே இறங்கும். கீழே கனமான பலகை, பக்கத்தில் ஸ்டாண்டு, இரண்டும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

தை மாதம் சம்பா அறுப்பு முடிந்ததும் கிராம ரோடுகளில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் ஓட்டினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் வைக்கோல் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்சர் பக்கம் போய்ச் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இறங்கிக் குனிந்து பார்த்து உருவிப் போட வேண்டும். அறுப்பு நேரத்தில் வயலிலிருந்து எலிகள் கொட்டகைக்கு வந்து ஒயரைக் கடிக்கும். இந்த இரண்டையும் எழுதிய புத்தகம் என் கண்ணில் படவில்லை. அதற்காக ஒரு புத்தகத்தைத் தள்ளிவிட வேண்டாம். பின்பக்க வெற்றுத் தாளில் நீங்களே எழுதி வையுங்கள்.

பெட்ரோல் பற்றிய பக்கத்தை அச்சான வருஷத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு முடிந்தது. அதற்கு முன் வந்த புத்தகத்துக்கு ஈயமில்லாத பெட்ரோலில் வால்வு உட்காரும் இடம் தேய்ந்து உள்ளே போவது பற்றித் தெரியாது. அப்படித் தேய்ந்தால் டேப்பட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். ஆகவே பழைய புத்தகம் சொல்லும் இடைவெளி சரி, அதைச் சோதிக்கச் சொல்லும் காலம் மட்டும் நீளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பி, பிளந்து, கசியும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், நின்றுகொண்டே இருக்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். சமீபத்தில் எழுதியதாகச் சொல்லும் கைடில் எத்தனால் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், அது பழைய புத்தகத்தைப் புது அட்டையில் போட்டது.

இவ்வளவும் பார்த்த பிறகு, நான் புத்தகத்தை மேலக்காவேரியில் ஷெட் வைத்திருக்கும் பாயிடம் எடுத்துப்போவேன். அவர் ஆங்கிலம் படிக்க மாட்டார். நான் படித்துச் சொல்வேன். அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கிரீஸ் எங்கெங்க அடிக்கச் சொல்லுதும்மா?" லூப்ரிகேஷன் சார்ட்டை விரித்து, வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, படத்தில் காட்டிய ஒவ்வொரு கிரீஸ் நிப்பிளும் வண்டியில் இருக்கிறதா, வண்டியில் இருப்பது எல்லாம் படத்தில் இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் பார்ப்பார். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. முன்சக்கரம் திரும்புவதற்கான ஸ்விவல் பின்னின் நிப்பிளைச் சேற்றில் புதைந்து கிடக்கிறதென்று விட்டுவிட்ட வண்டிகளில்தான் ஸ்டியரிங் ஆட்டம் வருகிறது. அதைப் படத்தில் காட்டாத புத்தகத்தை அவர் மூடிக் கையில் கொடுத்துவிடுவார். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருக்கு வேலை நெருக்கடி இல்லாத நேரமாகப் பார்த்து, டீயோடு போய் உட்காருங்கள். புத்தகத்தோடு அவர் உடன்படாத இடத்தை பென்சிலில் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்றும் கேட்டு எழுதுங்கள். சில சமயம் புத்தகம்தான் சரியாக இருக்கும்.

கடைசியாக, பிரதி. பழைய மேனுவல்கள் பெரும்பாலும் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸாகத்தான் கைமாறுகின்றன. படி எடுக்க எடுக்க 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும், புள்ளி மறைந்துபோகும், வரைபடத்தில் கோடுகள் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். முறுக்கு அளவு அட்டவணை, ஒயரிங் வரைபடம், லூப்ரிகேஷன் சார்ட், இந்த மூன்று பக்கமும் தெளிவாக இருந்தால் மற்றப் பக்கங்கள் மங்கலாக இருந்தாலும் வாங்கலாம். இந்த மூன்றில் ஒன்று போயிருந்தாலும் வேறு பிரதி தேடுங்கள். உதிரிபாகப் பட்டியல் புத்தகம் தனியாகக் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். அதில் எப்படி மாட்டுவது என்று ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் பாகங்களைப் பிரித்துப் போட்ட படங்களும் பார்ட் நம்பர்களும் இருக்கும். சென்னை புதுப்பேட்டையில் ஒரு சாமான் கேட்கும்போது, 'அந்த வளைஞ்ச குழாய்' என்று சொல்வதைவிட நம்பரைச் சொன்னால் சரியான சாமான் வரும்.

வாங்கிய பிறகு அந்த மூன்று பக்கத்தையும் பெரிதாக்கி, நல்ல தாளில் படியெடுத்து, லாமினேஷன் போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டுங்கள். மூலப் புத்தகம் வீட்டுக்குள் அலமாரியில், வேப்பிலையோடு இருக்கட்டும். கிரீஸ் கையோடு அதைத் தொட வேண்டிய அவசியம் வரக் கூடாது.